துரோகத்துக்குப் பின் மன்னிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பு முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது ஒருவர் மட்டும் பின்தங்கி நிற்பார். “எனக்குத் தெரிந்த ஒருவருக்காகக் கேட்கிறேன்” என்றுதான் பேச்சு தொடங்கும். அப்படிக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். துரோகம் நடந்த இடத்தில் முதல் உபதேசம் பெரும்பாலும் காயப்பட்டவருக்குத்தான் கிடைக்கிறது. காயப்படுத்தியவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பவர்கள் குறைவு. வேதம் இரண்டு பேரிடமும் பேசுகிறது. பதில்களில் அந்தச் சாய்வைச் சரிசெய்ய முயன்றிருக்கிறேன்.

மன்னிப்பது என்றால் உண்மையில் என்ன செய்வது? “மன்னித்துவிட்டேன்” என்று வாயால் சொன்னால் முடிந்துவிட்டதா?

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் இயேசு இதைக் கடன் கணக்காகச் சொல்கிறார். ஒரு ஊழியக்காரன் ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். ராஜா அதை முழுவதும் தள்ளிவிடுகிறார். வெளியே வந்தவன், தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன்வேலைக்காரனின் தொண்டையைப் பிடித்து நெரிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் அக்காலத்தில் கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் ராஜாவுக்குப் பட்ட கடன் 6 கோடி நாள் கூலி. எந்தப் பிறவியிலும் அடைக்க முடியாத தொகை.

பிரசங்கங்களில் அந்த நூறு வெள்ளிப்பணத்தை அற்பத் தொகையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது மூன்று மாத உழைப்பு. மூன்று மாதச் சம்பளத்தை ஒருவன் விழுங்கிவிட்டால் யாருக்கும் வயிறு எரியும். உன் நஷ்டம் ஒன்றுமே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. கடன் உண்மை, தொகை உண்மை. அதை வசூலிக்கும் உரிமையை விட்டுவிடச் சொல்கிறார். ஆகவே “பரவாயில்லை, எனக்கு ஒன்றும் வருத்தமில்லை” என்று மழுப்புவது மன்னிப்பு ஆகாது. இன்னது நடந்தது, இவ்வளவு இழந்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எதை மன்னிக்கிறோம் என்பதே தெரியும். வாயால் சொல்வது ஆரம்பம். “மனப்பூர்வமாய்” என்று அந்த உவமை முடிகிறதே, அதற்குக் காலம் பிடிக்கும்.

மன்னித்தால் மறந்துவிட வேண்டும் அல்லவா? நம் பாவங்களை இனி நினைப்பதில்லை என்று தேவனே சொல்கிறாரே?

எரேமியா 31:34ஐத்தான் சொல்கிறீர்கள். தேவனுக்கு ஞாபகசக்தி போய்விடுகிறது என்று அந்த வசனத்துக்குப் பொருள் இல்லை. அந்தப் பாவத்தை எடுத்துவைத்து இனி நமக்கு எதிராக வழக்காட மாட்டார் என்பதே பொருள். தாவீதின் பாவம் மன்னிக்கப்பட்டது. ஆனாலும் அது வேதத்தில் எழுதப்பட்டு இன்றுவரை வாசிக்கப்படுகிறது.

உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணிகளின் காயம் இருந்தது. தோமாவை விரல் நீட்டிப் பார்க்கச் சொன்னார். மகிமையின் சரீரத்திலேயே காயத்தின் அடையாளம் இருக்கிறது என்றால், உங்கள் நினைவில் இருப்பதை எண்ணி வெட்கப்பட வேண்டியதில்லை.

எதிரி செய்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். கூடவே முழங்கால்படியிட்டு ஜெபித்தவர் செய்துவிட்டார். இவ்வளவு வலிப்பது என் விசுவாசக் குறைவா?

இல்லை. உங்கள் கேள்வியின் முதல் பாதி ஏறக்குறைய சங்கீதம் 55. நிந்தித்தவன் சத்துருவாக இருந்தால் சகித்திருப்பேன், நீயோ என் தோழன், இருவரும் சேர்ந்து தேவாலயத்துக்குப் போனோமே என்று அந்தச் சங்கீதக்காரர் புலம்புகிறார். நம்பிக்கை வைத்த இடத்தில்தான் துரோகம் நடக்க முடியும். வலி பெரிதாக இருப்பதற்கு நீங்கள் வைத்த நம்பிக்கை பெரிதாக இருந்ததே காரணம்.

இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் அவரோடு தாலத்தில் கையிட்டவன். அந்த இரவில் அவர் ஆவியில் கலங்கினார் என்று யோவான் 13:21 எழுதுகிறது. அவர் கலங்கியதற்கு யாரும் விசுவாசக் குறைவு என்று பெயர் வைப்பதில்லை.

ஜெபிக்க உட்கார்ந்தால் சாபம்தான் வாயில் வருகிறது. இது பாவமா? ஜெபிக்காமலே இருந்துவிடலாமா?

ஜெபிக்காமல் இருக்க வேண்டாம். மேலே சொன்ன அதே சங்கீதம் 55, பதினைந்தாம் வசனத்தில், மரணம் அவர்களைப் பிடிக்கட்டும், உயிரோடே பாதாளத்தில் இறங்கட்டும் என்கிறது. சபையில் மாறி மாறி வாசிக்கும்போது இப்படிப்பட்ட வசனங்களை நைசாகத் தாண்டிவிடுகிறோம். அவை வேதத்தில் இருப்பதற்குக் காரணம் உண்டு: அந்தக் கோபம் தேவனிடம் கொண்டுபோகப்பட்டது. அந்த மனிதனின் வீட்டு வாசலுக்கும் போகவில்லை, ஊர் முழுக்கவும் பரவவில்லை.

எபேசியர் 4:26 கோபங்கொண்டாலும் பாவஞ்செய்யாதிருங்கள் என்கிறது. கோபம் வேறு, அதை வைத்துச் செய்வது வேறு. “நீர் அவரைப் பார்த்துக்கொள்ளும், எனக்கு இப்போது நல்ல வார்த்தை வரவில்லை” என்பதும் ஜெபமே.

அவர் இன்றுவரை மன்னிப்பே கேட்கவில்லை. நானாகப் போய் மன்னிக்க வேண்டுமா?

கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உள்ள இடம் இது. லூக்கா 17:3ல் இயேசு, உன் சகோதரன் குற்றம் செய்தால் அவனைக் கடிந்துகொள், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பாயாக என்கிறார். மாற்கு 11:25ல் அந்த நிபந்தனையே இல்லை: நின்று ஜெபிக்கும்போது யார்பேரிலும் குறை இருந்தால் மன்னியுங்கள். முதல் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் எதிராளி வாய் திறக்கும்வரை உங்கள் இருதயம் அவர் கையில் சிறைப்பட்டிருக்கும். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டால் குற்றம் செய்தவரை யாரும் கேள்வி கேட்க வேண்டாம் என்று ஆகிவிடும்.

நான் இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறேன். தேவனுக்கு முன்பாக நான் செய்வது ஒன்று. அந்த மனிதனுக்கும் எனக்கும் இடையில் நடக்க வேண்டியது இன்னொன்று. சிலுவையில் இயேசு, “பிதாவே, இவர்களுக்கு மன்னியும்” என்று பிதாவிடம் வேண்டினார். கல்லெறியப்பட்ட ஸ்தேவானும் ஆண்டவரிடம்தான் வேண்டினான். கல்லெறிந்தவர்களிடம் போய், நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவன் சொல்லவில்லை. முதல் வேலையை நீங்கள் இன்றே தொடங்கலாம். இரண்டாவதற்கு அவரும் வர வேண்டும்.

“கடிந்துகொள்” என்பதும் கட்டளை என்பதை மறக்க வேண்டாம். மத்தேயு 18:15–17ல் அதற்கு வரிசையே இருக்கிறது: முதலில் தனியே, பிறகு ஒன்றிரண்டு பேரோடு, பிறகு சபைக்கு முன். அநேகர் இந்த மூன்றையும் விட்டுவிட்டு நேரே மனதுக்குள் புழுங்கத் தொடங்குகிறோம்.

மன்னிக்க வேண்டும் என்று தெரிகிறது. ஆனால் உள்ளே ஒரு உணர்வும் இல்லை. உணர்வில்லாமல் மன்னிப்பது மாய்மாலம் அல்லவா?

கோரி டென் பூம் அம்மையாரின் வாழ்க்கை இதற்கு உதவும். நெதர்லாந்தைச் சேர்ந்த அவரது குடும்பம் இரண்டாம் உலகப் போரில் யூதர்களை வீட்டில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. உதவி கேட்பதுபோல் வந்த ஒருவன் காட்டிக்கொடுத்ததால் 1944 பிப்ரவரியில் எல்லோரும் கைதானார்கள். தந்தை பத்து நாளில் சிறைக்காவலில் இறந்தார். அக்கா பெட்சி அந்த ஆண்டு டிசம்பரில் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்தார்.

1947ல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஓர் ஆலயத்தில் மன்னிப்பைப் பற்றிப் பேசி முடித்ததும், அதே முகாமில் காவலனாக இருந்தவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு எதிரே வந்து கை நீட்டினான். கோரி அந்தக் கையைப் பற்றாமல் தம் கைப்பையைத் துழாவிக்கொண்டு நின்றார். அன்பு என்று ஒரு துளிகூட உள்ளே இல்லை. கையை நீட்ட என்னால் முடியும், உணர்வை நீர் தாரும் என்று மௌனமாக ஜெபித்து, இயந்திரம்போல் கையை நீட்டினார். உணர்வு அதற்குப் பிறகுதான் வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். இல்லாத உணர்வை இருப்பதாகக் காட்டுவதுதான் மாய்மாலம். அவர் அப்படி எதையும் காட்டவில்லை.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்று உண்டு. அதே கோரி பிற்காலத்தில், தாம் நேசித்து நம்பிய கிறிஸ்தவ நண்பர்கள் செய்த ஒன்றுக்காக இரவில் தூக்கமின்றித் தவித்தார். வதைமுகாம் காவலனுக்குக் கை கொடுத்தவருக்கு அது எளிதாக வரவில்லை. மூன்றாவது கேள்வியைக் கேட்டவர் இதைக் கவனிக்கலாம்.

மன்னித்துவிட்டால் பழையபடி பேசிப் பழக வேண்டுமா? அவரை மறுபடியும் நம்ப வேண்டுமா?

அதிகமாகக் கேட்கப்படுவதும், அதிகமாகத் தவறாகப் பதில் சொல்லப்படுவதும் இந்தக் கேள்விதான். மன்னிப்பை இலவசமாகக் கொடுக்கலாம். நம்பிக்கையை அப்படிக் கொடுக்க முடியாது. நடத்தையைப் பார்த்துத்தான் அது வளரும். எருசலேமில் அநேகர் தம்மை விசுவாசித்தபோதும் இயேசு அவர்களை நம்பி இணங்கவில்லை என்று யோவான் 2:24 சொல்கிறது.

தாவீது தன்னைக் கொல்லத் தேடிய சவுலை இரண்டு முறை கைக்கெட்டும் தூரத்தில் பிடித்தும் உயிரோடு விட்டான். சவுல் அழுதான், “என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா” என்று கூப்பிட்டான். தாவீது அவனோடு போகவில்லை. 1 சாமுவேல் 26ன் கடைசி வசனத்தில் இருவரும் வெவ்வேறு திசையில் போகிறார்கள். பழிவாங்காமலும் இருந்தான், எட்டியும் நின்றான்.

பவுல் தன் கடைசி நிருபத்தில் மூன்று தரப்பினரைப் பற்றி அடுத்தடுத்து எழுதுவதைப் பாருங்கள் (2 தீமோத்தேயு 4:11–16). ஒரு காலத்தில் பாதி வழியில் விட்டுப்போன மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்கிறார். கன்னானாகிய அலெக்சந்தர் வெகு தீமை செய்தான், கர்த்தர் அவனுக்குப் பதிலளிப்பாராக, நீயும் எச்சரிக்கையாயிரு என்கிறார். விசாரணையின்போது தன்னைக் கைவிட்ட எல்லோரையும் குறித்து, அந்தக் குற்றம் அவர்கள்மேல் சுமராதிருப்பதாக என்கிறார். ஒரே மனிதர், ஒரே அதிகாரம். ஒருவரோடு உறவு திரும்புகிறது, ஒருவரிடம் எச்சரிக்கை, மற்றவர்களுக்காக ஒரு வேண்டுதல். எல்லாத் துரோகத்துக்கும் ஒரே முடிவு வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் இயேசு ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னது? ஒவ்வொரு தடவையும் ஏமாந்துகொண்டே இருக்க வேண்டுமா?

ஏமாறச் சொல்லவில்லை; முந்திய பதிலைப் பாருங்கள். ஆதியாகமம் 4ல் லாமேக்கு என்பவன் தனக்காக எழுபத்தேழு பழி சுமரும் என்று பெருமையடிக்கிறான். எல்லையில்லாத பழிக்கு எதிராக இயேசு எல்லையில்லாத மன்னிப்பை வைக்கிறார். என் அனுபவத்தில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஒரே குற்றத்துக்குத்தான் தேவைப்படுகிறது. காலையில் மன்னித்ததை, மத்தியானம் அவர் பெயர் போனில் தெரிந்ததும் மறுபடி மன்னிக்க வேண்டியிருக்கிறது.

போலீஸில் புகார் கொடுத்திருக்கிறேன். மன்னித்தவள் வழக்கை வாபஸ் வாங்க வேண்டும் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. பழிவாங்காதிருங்கள் என்று ரோமர் 12 சொல்கிறது. அடுத்த அதிகாரமே, தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் பொறுப்பு அதிகாரத்தில் உள்ளவர்களுக்கு உண்டு என்கிறது. உங்கள் கையால் பழிவாங்காமல் நீதிமன்றத்திடம் விடுவது இந்த இரண்டு அதிகாரங்களுக்கும் கீழ்ப்படிவதுதான்.

போப் இரண்டாம் ஜான் பால் 1981 மே 13 அன்று சுடப்பட்டார். நான்கு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்தே, சுட்டவரை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். 1983 டிசம்பரில் சிறைக்கே போய் அவரருகே உட்கார்ந்து பேசினார். சுட்டவர் 2000ஆம் ஆண்டுவரை இத்தாலியச் சிறையில்தான் இருந்தார். மன்னிப்பும் தண்டனையும் ஒரே நேரத்தில் நடந்தன. குழந்தைகளோ வேறு யாருமோ ஆபத்தில் இருந்தால், புகாரை வாபஸ் வாங்குவது அவர்களைக் கைவிடுவதாகும்.

கணவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டார். மன்னித்தால் சேர்ந்துதான் வாழ வேண்டுமா?

மன்னிப்பு பற்றிய பதில் மேலே இருப்பதுதான். சேர்ந்து வாழ்வதைக் குறித்துச் சபைகள் வேறுபடுகின்றன. மத்தேயு 19:9ல் வேசித்தனம் விதிவிலக்காகச் சொல்லப்பட்டிருப்பதால் புராட்டஸ்டன்ட் சபைகளில் பல விவாகரத்தை அனுமதிக்கின்றன. கத்தோலிக்கத் திருச்சபை திருமண பந்தம் முறியாது என்கிறது. ஆனால் பிரிந்து வாழ அதன் சட்டத்திலும் இடமுண்டு. அனுமதி என்பது கட்டாயம் அல்ல. சேர்ந்து வாழத் தீர்மானித்தவர்களும் இருக்கிறார்கள், அது நன்றாக அமைந்ததும் உண்டு.

ஓசியா தீர்க்கதரிசியைக் காட்டி உடனே சேர்த்துவைக்கப் பார்ப்பவர்கள், மூன்றாம் அதிகாரத்தின் மூன்றாம் வசனத்தையும் வாசிக்கட்டும். துரோகம் செய்த மனைவியை ஓசியா திரும்ப அழைத்துவந்த பிறகும் அநேக நாள் காத்திருப்பு அங்கே இருக்கிறது. அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் முதல் கேள்வி மன்னிப்பு அல்ல, பாதுகாப்பு. வெளியே வந்து பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டும் மன்னிக்கலாம்.

சபையே என்னை ஒதுக்கிவிட்டது. நான் மன்னிக்க வேண்டியது யாரை? ஒரு கூட்டத்தை எப்படி மன்னிப்பது?

“சபை” என்று மொத்தமாகச் சொல்லும்வரை அது முடியாது. பொய் சொன்னவர் ஒருவர், அதை விசாரிக்காமல் நம்பியவர் ஒருவர், எல்லாம் தெரிந்தும் வாய் மூடி இருந்தவர்கள் சிலர். தனித்தனியாகப் பெயர் எழுதிப் பாருங்கள். ஒவ்வொருவர் கடனும் வேறு வேறு தொகை. வாய் மூடி இருந்தவர்களை மன்னிப்பதுதான் பலருக்கு மிகக் கடினமாக இருக்கிறது.

யோவான் 9ல் பார்வை பெற்றவனை ஜெப ஆலயத்திலிருந்து புறம்பே தள்ளிவிட்டார்கள். அவன் பெற்றோரும் பயந்துபோய், அவனையே கேளுங்கள் என்று கைகழுவினார்கள். தள்ளிவிட்டதை இயேசு கேள்விப்பட்டு அவனைக் கண்டார் என்று அடுத்த வசனம் சொல்கிறது. அந்த ஜெப ஆலயத்துக்கே திரும்பப் போய்ச் சேர்ந்துகொள் என்று அவர் சொன்னதாக இல்லை. வேறொரு சபையில் உட்காருவது மன்னிக்காததற்கு அடையாளம் ஆகாது.

நான் மன்னிக்காவிட்டால் தேவன் என்னை மன்னிக்க மாட்டார் என்று மத்தேயு 6:15ல் இருக்கிறது. இன்னும் முடியவில்லையே, நான் நரகத்துக்கா போவேன்?

அந்த வசனம் கடுமையானதுதான், இளக்கிச் சொல்ல மாட்டேன். மன்னிக்கவே மாட்டேன், அது என் உரிமை என்று முடிவுகட்டி உட்கார்ந்திருப்பவரை அது எச்சரிக்கிறது. உவமையில் தொண்டையை நெரித்தவன் அந்த வகை. முடியவில்லையே என்று அழுதுகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்பவர் ஏற்கெனவே அந்தப் பக்கத்தில் இல்லை.

யோசேப்பைப் பாருங்கள். 17 வயதில் சகோதரர்கள் அவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்றார்கள். அவர்களை மறுபடி பார்க்கும்போது வயது ஏறத்தாழ 39. பார்த்தவுடன் கட்டிப்பிடிக்கவில்லை. கடினமாய்ப் பேசினான், காவலில் வைத்தான், மறைவாகப் போய் அழுதான், திரும்பவும் சோதித்தான். பென்யமீனுக்குப் பதிலாக நானே அடிமையாக இருக்கிறேன் என்று யூதா முன்வந்த பிறகுதான் தன்னை வெளிப்படுத்தினான். அப்போது அவன் அழுத சத்தம் பார்வோனின் வீட்டார்வரை கேட்டது. இந்தத் தாமதத்துக்காக வேதம் அவனை ஓரிடத்திலும் கண்டிக்கவில்லை.

அவர் இறந்துவிட்டார். இனி மன்னித்து என்ன பயன்?

ஐந்தாம் கேள்வியில் சொன்ன முதல் வேலைக்கு அவர் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. சிலர் கடிதம் எழுதி, வாசித்து, கிழித்துவிடுகிறார்கள். சடங்கு என்று யாராவது முணுமுணுத்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

துரோகம் செய்தவனே நான்தான். எனக்கு என்ன பதில்?

இந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் வருகிறது, கேட்டதற்கு நன்றி. யூதாசும் குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டு 30 வெள்ளிக்காசையும் திருப்பிக் கொடுத்தான். ஆனால் அதை ஆசாரியர்களிடம் கொண்டுபோனான். அவர்கள், எங்களுக்கென்ன என்று விரட்டினார்கள். இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவோ மற்ற சீஷர்களோடேயே இருந்தான், இயேசு அவனைத் தேடிவந்தார். மூன்று தரம் மறுதலித்தபோது பேதுரு குளிர்காய்ந்தது கரிநெருப்பருகே. திபேரியா கடற்கரையில் இயேசு மூட்டிவைத்திருந்ததும் கரிநெருப்புதான். அங்கே மூன்று தரம் “என்னை நேசிக்கிறாயா” என்று கேட்டார். மூன்றாம் தரம் பேதுரு துக்கப்பட்டான். அந்தத் துக்கத்தைத் தவிர்த்து அவனை மீட்டெடுக்க இயேசு முயலவில்லை.

காயப்பட்டவரிடம் போகும்போது செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். “உங்கள் மனம் புண்பட்டிருந்தால்” என்ற வாக்கியம் வேண்டாம். ஆயக்காரனான சகேயு அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திருப்பிக் கொடுக்க முன்வந்ததுபோல், ஈடுசெய்ய முடிந்ததைச் செய்யுங்கள். பதிலுக்கு அவர் மௌனமாக இருந்தால் அவசரப்படுத்த உங்களுக்கு உரிமையில்லை.

அவர் சபை நடுவே அழுது சாட்சி சொல்லிவிட்டார். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் எழுந்துபோய்க் கைகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். என்ன செய்வது?

கை கொடுக்க மனமிருந்தால் கொடுங்கள். இல்லையென்றால் உட்கார்ந்தே இருக்கலாம், அது பாவமல்ல. உங்களிடம் முதலில் தனியே வராமல் கூட்டத்தின் முன் கேட்கப்படும் மன்னிப்பு, கேட்டவருக்குக் கைதட்டலையும் உங்களுக்கு நெருக்கடியையும் தருகிறது. போதகர்கள் இதை அனுமதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. மத்தேயு 5:23–24ல் இயேசு, பலிபீடத்தின் முன் காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார். மேடை அதற்குப் பிறகுதான்.

கூட்டம் முடிந்து யாராவது வந்து ஏன் போகவில்லை என்று கேட்டால், “அவர் என்னிடம் வந்து பேசட்டும், நான் கேட்பேன்” என்று சொல்லுங்கள். அவர் உண்மையிலேயே வந்தால் கேளுங்கள். தனியே சந்திக்கத் தயக்கமாக இருந்தால் உங்களுக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.